டேப்லெட்டிலேயே பாட்காஸ்ட் பதிவு: அறையைத் தயார் செய்வதிலிருந்து வெளியிடுவது வரை

டேப்லெட்டில் பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு ஆப்பை இறக்குகிறார்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கி, பத்து நிமிஷம் பேசி, திரும்பக் கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருக்கிறது. உடனே வேறு ஆப்பை இறக்குகிறார்கள். அதிலும் அதே குரல்தான் வருகிறது. தப்பு ஆப்பில் இல்லை. அறை, மைக், மைக் இருக்கும் தூரம் இந்த மூன்றும் சரியாகாதவரை எந்த ஆப்பாலும் குரலைக் காப்பாற்ற முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் ஆப் 5ஆவது படியில்தான் வருகிறது. வரிசையை மாற்றாமல் போங்கள். முன்னால் உள்ள படிகளில் செலவிடும் அரை மணி நேரம், எடிட்டிங்கில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். எடுத்துக்காட்டுகளுக்குப் பெரும்பாலும் ஐபேடைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஆண்ட்ராய்டு மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை: டேப்லெட், யூ.எஸ்.பி மைக், வயர் உள்ள ஹெட்ஃபோன், மைக் ஸ்டாண்ட், குறைந்தது 5 ஜிபி காலி இடம். இவ்வளவு போதும். மிக்சர், அகூஸ்டிக் ஃபோம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

1. போர்ட்டைப் பார்த்துவிட்டு மைக் வாங்குங்கள்

மைக்கை வாங்கி வந்த பிறகு டேப்லெட்டில் சொருக முடியாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். முதலில் உங்கள் டேப்லெட்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். ஐபேட் ப்ரோ 2018இலிருந்தும், ஏர் 2020இலிருந்தும், மினி 2021இலிருந்தும், சாதாரண ஐபேட் 2022இன் 10ஆம் தலைமுறையிலிருந்தும் யூ.எஸ்.பி-சி போர்ட்டுடன் வருகின்றன. அதற்கு முந்தையவற்றில் லைட்னிங் போர்ட்.

யூ.எஸ்.பி-சி என்றால் பெரும்பாலான மைக்குகள் நேரடியாக வேலை செய்யும். கேபிளில் மட்டும் கவனம் தேவை. சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவான கேபிள்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் குரல் தரவு போகாது, டேப்லெட்டுக்கு மைக் இருப்பதே தெரியாது. மைக்கோடு பெட்டியில் வந்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

லைட்னிங் என்றால் ஆப்பிளின் கேமரா அடாப்டர் தேவை. அதில் இரண்டு வகை உண்டு. சார்ஜருக்கும் ஒரு துளை உள்ளதை வாங்குங்கள். மைக் கேட்கும் மின்சாரத்தைப் பழைய ஐபேட் தர மறுத்தால், அந்தத் துளை வழியாகக் கொடுத்துவிடலாம்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடிஜி வசதி, அதாவது மைக் போன்ற வெளிக் கருவிகளைச் சொருகிப் பயன்படுத்தும் வசதி, இருக்கிறதா என்று பாருங்கள். சில கம்பெனிகளின் கருவிகளில் அதை செட்டிங்ஸில் போய் நாமே இயக்க வேண்டும். கொஞ்ச நேரம் எதுவும் சொருகாமல் இருந்தால் தானாகவே அணைந்தும் விடும். நேற்று வேலை செய்த மைக் இன்று செய்யவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்தது மைக்கின் வகை. டைனமிக், கண்டென்சர் என்று இரண்டு. கண்டென்சர் மைக் நுட்பமானது, அடுத்த தெரு ஹாரனையும் சேர்த்துக் கேட்கும். நம் வீடுகளில் தரை டைல்ஸ், சுவர் சிமெண்ட், ஜன்னல் தெருவைப் பார்த்து. இந்த மாதிரி அறைக்கு டைனமிக் மைக்தான் என் தேர்வு. வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசும்போது குரல் முன்னுக்கு வந்து, அறையின் சத்தம் பின்னுக்குப் போய்விடும்.

சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் இரண்டும் இந்த வேலைக்கு நல்லவை. இரண்டிலும் யூ.எஸ்.பியும் உண்டு, தொழில்முறை ஒலிக் கருவிகளில் சொருகும் எக்ஸ்.எல்.ஆர் இணைப்பும் உண்டு. நாளைக்கு இருவர் பேசும் நிகழ்ச்சியாக மாறினால் இதே மைக்கை ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்குகளை டேப்லெட்டோடு இணைக்கும் பெட்டி) சொருகிக்கொள்ளலாம், போட்ட காசு வீணாகாது. மைக்கிலேயே ஹெட்ஃபோன் துளையும் இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்பது 6ஆம் படியில் வரும்.

மைக் வாங்க இப்போது காசு இல்லையா? வயர் இயர்ஃபோனில் உள்ள மைக்கோடு தொடங்குங்கள். டேப்லெட்டைக் கையெட்டும் தூரத்தில் வைத்து அதன் உள் மைக்கில் பேசுவதைவிட அது மேல். ப்ளூடூத் இயர்ஃபோன் மட்டும் வேண்டாம். அதன் மைக்கைப் பயன்படுத்தும் நேரத்தில் ஒலியின் தரம் பொதுவாக போன் பேச்சின் அளவுக்கு இறங்கிவிடும்.

2. அறையைத் தேர்ந்தெடுங்கள், அறையைக் கேளுங்கள்

வீட்டில் பெரிய அறையைத் தேடாதீர்கள். துணி நிறைந்த அறையைத் தேடுங்கள். கட்டில், மெத்தை, தலையணை, திரைச்சீலை, துணி அலமாரி உள்ள படுக்கையறைதான் பெரும்பாலான வீடுகளில் சிறந்த ஸ்டுடியோ. குரல் கடினமான சுவரில் பட்டுத் திரும்பி வருவதுதான் எதிரொலி. துணி அதை விழுங்கிவிடும்.

அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டலுக்குப் பின்னால் 'டிங்' என்று ஒரு வால் நீண்டால் எதிரொலி இருக்கிறது. அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டு மறுபடி தட்டுங்கள். பலர் போர்வையை மைக்குக்குப் பின்னால் மட்டும் கட்டுகிறார்கள். ஆனால் மைக்கின் முகம் உங்களை நோக்கி இருக்கிறது. அதனால் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பும் ஒலிதான் அதற்குள் அதிகம் போகும்.

அப்புறம் ஒரு நிமிஷம் பேசாமல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஃபேன் ஓடினால் நிறுத்துங்கள், இதில் சமரசமே இல்லை. ஃபேனின் காற்று மைக்கில் நேராக அடித்தால் வரும் உறுமலை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. வியர்க்கும்தான். பதினைந்து நிமிஷம் பேசி, நிறுத்தி, ஃபேன் போட்டு, மறுபடி பேசுங்கள். ஏசியைப் பதிவுக்கு முன் போட்டு அறையைக் குளிர வைத்துவிட்டு அணைத்துக்கொள்ளலாம்.

ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், சுவர்க் கடிகாரம், அடுத்த வீட்டு போர் மோட்டார், இவற்றின் சத்தம் நம் காதுக்குப் பழகிப்போனது, அதனால் நமக்குக் கேட்பதில்லை. மைக்குக்குப் பழக்கம் கிடையாது. குக்கர் விசிலும் காய்கறி வண்டியும் எந்த நேரத்தில் வரும் என்பது உங்கள் தெருவுக்கே உரிய கணக்கு. ஒரு நாள் முழுக்கக் கவனித்து, அமைதியான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அது பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அல்லது இரவு பத்துக்கு மேல்.

3. மைக்கை எங்கே வைப்பது

வாய்க்கும் மைக்குக்கும் இடையே நான்கு விரல் முதல் ஒரு முஷ்டி வரை இருக்கட்டும், அதாவது ஏறக்குறைய 8 முதல் 12 செ.மீ. தள்ளிப் போனால் அறை உள்ளே வரும். ரொம்ப ஒட்டினால் குரலில் கனம் கூடி முணுமுணுப்பாகும்.

இப்போது உள்ளங்கையை வாய்க்கு நேரே பிடித்து 'பப்பாளி' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப'வுக்கும் நடுவில் வரும் 'ப்பா'வுக்கும் காற்று கையில் அடிப்பது தெரியும். அந்தக் காற்று மைக்கில் அடித்தால் 'டுப்' என்று பதிவாகும். எடிட்டில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. வழி எளிது: மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், கடைவாய்ப் பக்கமாகத் தள்ளி, வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். காற்று நேராகப் போய்விடும், குரல் மட்டும் மைக்குக்கு வரும். மைக்கின் மேல் ஸ்பாஞ்ச் உறை போடுங்கள்.

ஸ்டாண்டை டேப்லெட் இருக்கும் அதே மேஜையில் வைக்காதீர்கள். திரையைத் தொடும் ஒவ்வொரு தட்டலும் மேஜை வழியாக மைக்குக்கு ஏறும். வேறு வழியில்லை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் நான்காக மடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். டேப்லெட்டையும் ஒரு தலையணைமேல் சாய்த்து வையுங்கள்.

வளையல், கொலுசு, மணிக்கட்டுக் கடிகாரம், கிரீச்சிடும் நாற்காலி ஆகியவற்றையும் இந்தப் படியிலேயே கவனித்துவிடுங்கள்.

4. டேப்லெட்டை அமைதியாக்குங்கள்

டேப்லெட் ஒரு பதிவுக் கருவி மட்டும் அல்ல. அதற்கு அழைப்பு வரும், செய்தி வரும், தூக்கமும் வரும். மூன்றையும் தடுத்துவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும்.

முதலில் ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். 'தொந்தரவு செய்யாதே' மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். ஐபோனும் ஐபேடும் வைத்திருப்பவர்களுக்குப் போனுக்கு வரும் அழைப்பு ஐபேடிலும் அடிக்கும். சில ஆப்களில் அழைப்பு வந்த நொடியே பதிவு நின்றுவிடும். பேசுபவருக்கு அது தெரியாமலே மீதிப் பேச்சு போகும். ஐபோன் செட்டிங்ஸில் பிற கருவிகளில் அழைப்பு என்ற வசதியையே நிரந்தரமாக அணைத்துவிடுவது நல்லது. அலாரம் ஏதாவது வைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது எந்த மோடையும் மீறி அடிக்கும்.

அடுத்து, திரை தானாகப் பூட்டிக்கொள்ளும் நேரத்தை 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றுங்கள். ஐபேடில் லோ பவர் மோட் இயங்கினால் திரை 30 நொடியில் பூட்டிக்கொள்ளும். அதை அணைத்தால்தான் இந்த மாற்றம் பலிக்கும்.

மின்சாரம் தனிக் கதை. யூ.எஸ்.பி-சி டேப்லெட்டில் இருப்பது ஒரே போர்ட். மைக் அதைப் பிடித்துக்கொண்டால் சார்ஜ் போட இடமில்லை. அதனால் 100 சதவீதம் ஏற்றிவிட்டு உட்காருங்கள். ஒரு மணி நேரப் பதிவுக்குப் பேட்டரி தாராளமாகப் போதும். சார்ஜ் ஏற்றிக்கொண்டே பதிவு செய்ய, ஒரே போர்ட்டைப் பலவாக்கும் ஹப் வாங்குகிறார்கள் சிலர். இரண்டு முள் சார்ஜரில் எர்த் கிடையாது, அதனால் மெட்டல் உடம்புள்ள டேப்லெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறதல்லவா, அதே கசிவு சில மைக்குகளில் 'ம்ம்ம்' என்று ரீங்காரமாகப் பதிவாகும். பேட்டரியில் பதிவு செய்தால் இந்தத் தொல்லையே இல்லை.

5. ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஐபேடில் மூன்று வழிகள். வாய்ஸ் மெமோஸ் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. எளிமையானது, நம்பகமானது. ஆனால் பதிவின் தரம் முதலில் சுருக்கப்பட்ட வடிவில் இருக்கும். செட்டிங்ஸில் வாய்ஸ் மெமோஸுக்குள் போய் ஆடியோ தரத்தை இழப்பில்லாத வடிவுக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது கராஜ்பேண்ட். இலவசம். ஆனால் இசைக்காகச் செய்யப்பட்டது என்பதால் பேச்சுக்காரர்களுக்கு அதில் ஒரு பொறி உண்டு. புதிய பாடலைத் திறந்தால் அது 8 பார் (ஒரு பார் என்பது நான்கு தாளம்) நீளமுள்ள ஒரு பகுதியை மட்டும் தரும். அதன் வழக்கமான வேகமான நிமிஷத்துக்கு 110 தாளத்தில் 8 பார் என்பது பதினேழு நொடி சொச்சம்தான். நீங்கள் பேசிக்கொண்டே போவீர்கள், பதிவு அந்தப் பதினேழு நொடியைத் தாண்டாது. வலது மேல் மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, அந்தப் பகுதியின் நீளத்தை ஆட்டோமேட்டிக் என்று மாற்றுங்கள். மெட்ரோனோமையும் அணையுங்கள், இல்லாவிட்டால் காதில் டிக் டிக் என்று தாளம் ஓடும்.

மூன்றாவது, என் தேர்வு, ஃபெரைட். பேச்சுக்காகவே எழுதப்பட்ட ஆப். பதிவின்போதே திரையைத் தொட்டு அடையாளம் வைக்கலாம், அதே ஆப்பில் எடிட்டும் செய்யலாம். இலவசப் பதிப்பில் நீளத்துக்கும் ட்ராக் (தனித்தனி ஒலி வரிசை) எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. முதல் சில அத்தியாயங்களுக்கு அதுவே போதும்.

ஆண்ட்ராய்டில் பதிவுக்கும் சின்ன வெட்டுகளுக்கும் லெக்சிஸ் ஆடியோ எடிட்டர் போதும். பல ட்ராக் வேண்டும் என்றால் ஆடியோ எவல்யூஷன் மொபைல். வெளியிலிருந்து சொருகும் யூ.எஸ்.பி மைக்கோடு இது நன்றாக ஒத்துழைக்கும்.

வடிவத்தை மாற்ற ஆப் இடம் கொடுத்தால் செட்டிங் இதுதான்: வேவ் வடிவம், மோனோ, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். ஒரே குரலுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, இடம்தான் இரட்டிப்பாகும். மேலே சொன்ன அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 520 எம்பி வரும். எம்பி3ஆகப் பதிவு செய்யாதீர்கள். எடிட் செய்து மறுபடி எம்பி3ஆக வெளியே எடுக்கும்போது தரம் இரண்டாம் தடவை குறையும்.

6. எந்த மைக் கேட்கிறது, எவ்வளவு கேட்கிறது

மைக்கைச் சொருகியாயிற்று, விளக்கும் எரிகிறது. ஆனாலும் ஆப் டேப்லெட்டின் உள் மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு மணி நேரம் பேசிய பிறகு இது தெரியவந்தால் அத்தனையும் மறுபடி பேச வேண்டும். பத்து நொடியில் கண்டுபிடிக்க வழி உண்டு. பதிவை ஓடவிட்டு யூ.எஸ்.பி மைக்கின் வலையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். பிறகு டேப்லெட்டின் விளிம்பில், உள் மைக் துளை இருக்கும் இடத்தைச் சுரண்டுங்கள். எதில் சத்தம் பெரிதாகப் பதிவாகிறதோ அதுதான் இயங்கும் மைக். தவறான மைக் என்றால் ஆப்பை முழுவதும் மூடி, மைக்கைக் கழற்றிச் சொருகி, அப்புறம் ஆப்பைத் திறங்கள். இந்த வரிசையிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹெட்ஃபோனை மைக்கில் உள்ள துளையில் சொருகுங்கள். அப்போதுதான் உங்கள் குரல் டேப்லெட்டுக்குள் போய்த் திரும்பி வரும் தாமதம் இல்லாமல் உடனுக்குடன் காதில் விழும். தாமதத்தோடு தன் குரலையே கேட்டால் யாருக்கும் நாக்கு குழறும். அதனால் ஆப்பில் உள்ள மானிட்டர் வசதியை, அதாவது உங்கள் குரலை ஆப் வழியாகக் காதுக்குத் திருப்பி அனுப்புவதை, அணைத்து வையுங்கள். இரண்டும் இயங்கினால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

இப்போது லெவல், அதாவது குரல் எவ்வளவு உரமாகப் பதிவாகிறது என்ற அளவு. நிகழ்ச்சியில் பேசப்போகும் அதே உரத்தில் பேசுங்கள். 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்று சோதிப்பவர்கள் எப்போதும் மெதுவாகவே சொல்கிறார்கள், உண்மையான பேச்சில் சிரிப்பு வந்ததும் மீட்டர் சிவப்பில் முட்டுகிறது. எனவே ஒரு கதையைச் சொல்லுங்கள், ஒருமுறை வாய்விட்டுச் சிரியுங்கள். பேச்சின் உச்சங்கள் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி இருக்கட்டும். சிரிப்பு மைனஸ் 6ஐத் தாண்டாமல் இருக்கட்டும்.

பச்சைக் கோடு பாதிவரைதான் ஏறுகிறதே என்று கவலைப்பட்டு ஏற்றிவிடாதீர்கள். குறைவாகப் பதிவானதை அப்புறம் உயர்த்திக்கொள்ளலாம். பூஜ்யத்தில் முட்டிக் கிழிந்த ஒலியைத் தைக்க வழியில்லை.

7. இரண்டு நிமிஷச் சோதனைப் பதிவு

இதை யாரும் செய்வதில்லை, அதனால்தான் தனிப் படியாக வைத்திருக்கிறேன். முழு ஏற்பாட்டோடு இரண்டு நிமிஷம் பதிவு செய்து, நிறுத்தி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். 'பாட்டி பழைய பானையில் பாலைப் பொங்கவிட்டாள்' மாதிரி 'ப' நிறைந்த ஒரு வாக்கியத்தையும், சிரிப்பையும், பத்து நொடி மௌனத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'ப' வெடித்தால் மைக்கின் கோணத்தை மாற்றுங்கள். மௌனத்தில் இரைச்சல் கேட்டால் 2ஆம் படிக்குத் திரும்புங்கள். குரல் தூரமாகத் தெரிந்தால் மைக்கைப் பக்கத்தில் கொண்டுவந்து, லெவலைக் குறையுங்கள். லெவலை ஏற்றித் தூரத்தைச் சரிக்கட்டப் பார்த்தால் அறையின் சத்தமும் கூடவே ஏறும்.

8. பதிவு

பதிவு ஓடத் தொடங்கியதும் முதல் இருபது நொடி பேசாமல் இருங்கள். அது வீணல்ல. அந்த அறையின் வெறும் மௌனம் எடிட்டில் வெட்டிய இடங்களை நிரப்பவும், இரைச்சல் நீக்கும் கருவிக்கு மாதிரியாகக் காட்டவும் தேவைப்படும்.

குறிப்புகளைக் காகிதத்தில் வைத்திருந்தால் சரசரக்கும். ஐபேடில் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் பதிவு ஆப்பையும் மறுபக்கம் குறிப்பையும் வைக்கலாம். மீட்டர் எப்போதும் கண்ணில் பட வேண்டும். இன்னும் ஓடுகிறதா என்பதற்கு அது ஒன்றே சாட்சி. முழு வாக்கியங்களாக எழுதி வாசிக்காதீர்கள். எழுத்துத் தமிழை வாசிக்கும் குரல் செய்தி வாசிப்பாக மாறிவிடும். தலைப்பு வார்த்தைகளை மட்டும் பெரிய எழுத்தில் வைத்துக்கொண்டு பேசினால், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற தொனி தானாக வரும். கேட்பவர் உங்களோடு தங்குவது அந்தத் தொனிக்காகத்தான்.

தடுமாறினால் நிறுத்தாதீர்கள். ஒருமுறை கை தட்டிவிட்டு, இரண்டு நொடி விட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். அலைவடிவத்தில் அந்தத் தட்டல் ஊசியாக நீட்டிக்கொண்டு நிற்கும். எடிட்டில் அதைப் பார்த்தே பிழைகளுக்கு நேராகப் போய்விடலாம். பாதி வாக்கியத்திலிருந்து தொடர வேண்டாம், குரலின் ஏற்ற இறக்கம் ஒட்டாது.

பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்திச் சேமித்து, புதிய கோப்பாகத் தொடங்குங்கள். ஏதாவது ஒன்று பழுதானாலும் ஒரு துண்டுதான் போகும். ஃபேன் போட்டுக்கொள்ளவும் நேரம் கிடைக்கும்.

9. விருந்தினர் இருந்தால்

ஒரே அறையில் இருவர் என்றால், இரண்டு யூ.எஸ்.பி மைக்கை ஹப்பில் சொருகி வேலை நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐபேட் ஒரு நேரத்தில் ஒரு ஆடியோ கருவியைத்தான் கேட்கும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போல இரண்டு எக்ஸ்.எல்.ஆர் துளை உள்ள இன்டர்ஃபேஸ் வேண்டும். இங்கே மட்டும் ஸ்டீரியோவில் பதிவு செய்யுங்கள். ஒருவர் இடப்பக்கச் சேனலிலும் மற்றவர் வலப்பக்கச் சேனலிலும் பதிவாவார்கள், அப்புறம் பிரித்துக்கொள்ளலாம். இன்டர்ஃபேஸுக்கு மின்சாரம் போதாவிட்டால் தனி மின் இணைப்பு உள்ள ஹப் தேவைப்படும்.

விருந்தினர் வேறு ஊரில் இருந்தால்தான் டேப்லெட்டில் உண்மையான சிக்கல். ஜூமில் பேசிக்கொண்டே பின்னணியில் பதிவு ஆப்பை ஓடவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். அழைப்பு ஆப் மைக்கைப் பிடித்துக்கொண்டால் பதிவு ஆப் நின்றுவிடும், அல்லது மௌனத்தைப் பதிவு செய்யும். வழிகள் மூன்று.

முதலாவது, ரிவர்சைட் மாதிரியான சேவை. ஒவ்வொருவர் குரலையும் அவரவர் கருவியிலேயே பதிவு செய்து, பிறகு மேலேற்றிவிடும். நடுவில் நெட் தடுமாறினாலும் பதிவில் அது தெரியாது. பேச்சு முடிந்ததும் விருந்தினர் உடனே மூடிவிடக் கூடாது. மேலேற்றம் முடியும்வரை திறந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். கோப்பு பாதியில் தொங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

இரண்டாவது, 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26. எந்த அழைப்பு ஆப்பில் பேசினாலும் உங்கள் பக்கத்து ஒலியையும் படத்தையும் கண்ட்ரோல் சென்டரிலிருந்தே பதிவு செய்யும் வசதியை ஆப்பிள் அதில் சேர்த்திருக்கிறது. உங்கள் குரல் மட்டும்தான் வரும். விருந்தினரும் தன் பக்கத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, காசில்லா வழி. டேப்லெட்டில் பதிவு, போனில் அழைப்பு. விருந்தினரும் அப்படியே: ஒரு போனில் பேசிக்கொண்டு, வேறொரு கருவியில் தன் குரலைப் பதிவு செய்வார். இருவரும் ஹெட்ஃபோன் போட்டிருக்க வேண்டும். தொடக்கத்தில் 'ஒன்று, இரண்டு, மூன்று' சொல்லி இருவரும் சேர்ந்து கை தட்டுங்கள், முடிவிலும் ஒருமுறை. இரண்டு கருவிகளின் கடிகாரமும் இம்மியளவு மாறுபடுவதால் ஒரு மணி நேர முடிவில் குரல்கள் விலகியிருக்கலாம். கடைசித் தட்டல் அந்த விலகலைக் காட்டிக்கொடுக்கும். விருந்தினரை வாட்ஸாப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லாதீர்கள், ஒலி சுருங்கிவிடும். கூகுள் டிரைவில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள், அல்லது வாட்ஸாப்பிலேயே டாக்குமெண்டாக இணைக்கச் சொல்லுங்கள்.

10. எழுந்திருக்கும் முன் நகல் எடுங்கள்

பதிவு ஆப்புக்குள் இருக்கும் கோப்பு அந்த ஆப்போடு கட்டுண்டது. இடம் காலி செய்கிறேன் என்று ஆப்பை நீக்கினால் பதிவும் சேர்ந்தே போகும். அதனால் நிறுத்தியதும் வேவ் கோப்பை ஃபைல்ஸுக்கு அனுப்பி, அங்கிருந்து பென்டிரைவிலோ கிளவுடிலோ ஒரு நகல் வையுங்கள். மைக்கைக் கழற்றினால் போர்ட் காலி, பென்டிரைவ் அதிலேயே சொருகும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, அத்தியாய எண், பேசியவர் மூன்றும் இருக்கட்டும். 'புதிய பதிவு 14' என்பது அடுத்த மாதம் உங்களுக்கே புரியாது.

11. எடிட்: முதலில் வெட்டு, பிறகு மெருகு

வரிசை முக்கியம். முதலில் பெரிய வெட்டுகள்: தேவையில்லாத பகுதிகள், கை தட்டிய இடங்கள். அடுத்து சின்ன வெட்டுகள். அதன் பிறகுதான் இரைச்சல் நீக்கம், கம்ப்ரஸர் (உரத்த இடங்களை அடக்கிக் குரலைச் சமமாக்கும் கருவி), இசை எல்லாம். முதலிலேயே மெருகு போட்டால், வெட்டி எறியப்போகும் பகுதிக்கும் சேர்த்து வேலை செய்தவர்களாவோம்.

'வந்து', 'அதாவது', 'பாத்தீங்கன்னா' போன்றவற்றை எல்லாம் துடைத்தெடுக்காதீர்கள். நிமிஷத்துக்கு ஐந்து வந்தால் மூன்றை எடுங்கள். மூச்சு வாங்கும் ஒலியை முழுக்க வெட்டினால் பேச்சு மூச்சுத் திணறுவதுபோல் ஒலிக்கும்.

மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி பல ஆப்களில் உண்டு. தமிழுக்கு அதைக் கவனத்தோடு கையாள வேண்டும். 'பாட்டு', 'பத்து', 'அப்பா' என்று சொல்லும்போது இரட்டை வல்லினத்தின் நடுவே வாய் மூடி ஒரு கணம் ஒலியே இருக்காது. கருவி அதையும் மௌனமாக எடுத்துக்கொண்டு சுருக்கினால் 'பாட்டு' தேய்ந்து 'பாடு' மாதிரி ஆகிவிடும். குறைந்தபட்ச மௌனம் அரை நொடிக்கு மேல் இருந்தால் மட்டும் வெட்டு என்று அமையுங்கள். இன்னொன்று, சொல்லின் கடைசியில் வரும் குற்றியலுகரம். 'வந்து', 'வீட்டுக்கு', 'எடுத்து' இவற்றின் கடைசி 'உ' மிக மெலிதாக ஒலிக்கும். ஒலி ஒரு அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் கருவியான நாய்ஸ் கேட் அதை மௌனம் என்று நினைத்து நறுக்கிவிடும். கேட் மூடும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டி, 200 மில்லிநொடிக்கு மேல் வையுங்கள். என்னைக் கேட்டால், அமைதியான அறையில் பதிவு செய்தவருக்கு நாய்ஸ் கேட் தேவையே இல்லை.

இரைச்சல் நீக்கத்தைப் பாதி அளவில் நிறுத்துங்கள். முழுக்கத் திருகினால் குரல் தண்ணீருக்கடியில் போகும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர் ஒன்று போட்டால் மேஜை அதிர்வும் வண்டி உறுமலும் குறையும். கம்ப்ரஸர் மூன்றுக்கு ஒன்று போதும். பின்னணி இசை போட்டால், அதை போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். ஒரு சொல்லாவது புரியாமல் போனால் இசையைக் குறையுங்கள்.

12. சத்த அளவும் ஏற்றுமதியும்

கேட்பவர் ஒரு நிகழ்ச்சியிலிருந்து உங்கள் நிகழ்ச்சிக்கு வரும்போது வால்யூம் பொத்தானைத் தேட வேண்டி வரக் கூடாது. ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைக்கும் அளவு மைனஸ் 16 எல்.யூ.எஃப்.எஸ், ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டக் கூடாது. இது 6ஆம் படியில் பார்த்த மீட்டர் அளவு அல்ல, மொத்த நிகழ்ச்சியின் சராசரி உரத்தைக் காட்டும் அளவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மைனஸ் 16இல் பதிவு செய்யப் பார்ப்பவர்கள் உண்டு. பதிவுக்கு உச்ச அளவு, ஏற்றுமதிக்கு இந்த அளவு.

உங்கள் ஆப்பில் இதை அமைக்க வசதி இல்லையென்றால் ஆஃபோனிக் என்ற இணையச் சேவையில் கோப்பை ஏற்றினால் அதுவே சரிசெய்து தரும். மாதம் 2 மணி நேரம் வரை இலவசம், வாரம் ஒரு அரை மணி நிகழ்ச்சிக்குச் சரியாக இருக்கும்.

வெளியே எடுக்கும் வடிவம் எம்பி3, மோனோ, 96 கிலோபிட். ஒரு மணி நேரம் 43 எம்பி சொச்சம்தான் வரும், மொபைல் டேட்டாவில் கேட்பவருக்குச் சுமையில்லை. இசை அதிகம் உள்ள நிகழ்ச்சி என்றால் ஸ்டீரியோ, 128 கிலோபிட்.

ஏற்றுமதியான கோப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருமுறை கேளுங்கள், டேப்லெட்டில் அல்ல, போனில், சாதாரண இயர்ஃபோனில். பாத்திரம் கழுவிக்கொண்டோ நடந்துகொண்டோ கேளுங்கள். கேட்பவர்கள் அப்படித்தான் கேட்கப்போகிறார்கள்.

13. வெளியிடுதல்

பாட்காஸ்ட் ஆப்களில் நேரடியாகக் கோப்பை ஏற்ற வேண்டும் என்று பலர் தேடி அலைகிறார்கள். வழக்கமான வழி, கோப்பை ஒரு ஹோஸ்டிங் சேவையில் வைப்பது. அது உங்கள் அத்தியாயங்களின் பட்டியலைத் தாங்கும் ஒரு ஆர்.எஸ்.எஸ் முகவரி தரும். அந்த முகவரியை ஆப்பிளிலும் மற்ற தளங்களிலும் ஒரே ஒருமுறை பதிந்தால் போதும். அடுத்த அத்தியாயங்கள் தானாகப் போய்ச் சேரும். ஸ்பாட்டிஃபை ஃபார் கிரியேட்டர்ஸ் இலவசமாக இடம் தருகிறது, தொடங்க அது போதும்.

பதியும்போது மூன்று விஷயங்கள். அட்டைப்படம் சதுரமாக, 3000க்கு 3000 பிக்சலில் இருக்கட்டும். போனில் அது கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கும் என்பதால் தமிழ்த் தலைப்பைப் பெரிய, தடித்த எழுத்தில் இரண்டு மூன்று சொல்லுக்குள் முடியுங்கள். மொழி என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுங்கள், பலர் ஆங்கிலம் என்றே விட்டுவிடுகிறார்கள். மின்னஞ்சலுக்கு உங்கள் சொந்த முகவரியைக் கொடுக்காமல் நிகழ்ச்சிக்கென்று புதிதாக ஒன்று தொடங்குங்கள். ஆர்.எஸ்.எஸ் கோப்பு யாரும் திறந்து பார்க்கக் கூடியது, அதில் உள்ள முகவரிக்கு விளம்பர மின்னஞ்சல்கள் குவியும்.

முதல் அத்தியாயத்துக்கு ஆப்பிளின் ஒப்புதல் வர நேரம் பிடிக்கலாம். அதனால் அறிவித்த தேதிக்குச் சில நாள் முன்னதாகவே ஒரு நிமிஷ முன்னோட்டத்தை ஏற்றிப் பதிந்துவிடுங்கள். அத்தியாயம் ஆப்களில் வந்து, நீங்களே அதைத் தேடி எடுத்துக் கடைசி நிமிஷம் வரை ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் டேப்லெட்டில் உள்ள வேவ் கோப்புகளை அழிக்க வேண்டும். பென்டிரைவில் உள்ளதை அழிக்க வேண்டாம்.